தோல் உள்ளே! தொட்டவன் வெளியே!

தில்லைக்குச் செல்வோர் கிழக்குக் கோபுர வாயிலிலே சற்று நின்று அண்ணாந்து பார்ப்பதுண்டு. நாமும் பார்த்திருக்கிறோம். 108 கரணங்கள், கல்லிலே! தூக்கிய கால், வளைந்த கை, ஒசிந்த இடை! ஆடற்கலையின் இலக்கணமே வாயிற் சுவரிலே வரிசை பிடித்து நிற்கிறது. அருகே வடமொழிச் சுலோகங்களையும் வெட்டி வைத்திருக்கிறார்கள், ஆடிய கால் எவருடையதாயினும் அதற்கான ஏடு எம்முடையதே என்று அறிவிப்பதுபோல! காண்போர் வியக்கின்றனர். வெளிநாட்டார் குறிப்பெடுக்கின்றனர். 1981 முதல் ஆண்டுதோறும் மகாசிவராத்திரியையொட்டி நாட்டியாஞ்சலி நடக்கிறது. ஊரெங்கும் சலங்கை ஒலி.

சலங்கை ஒலிக்கட்டும், தோழர்களே! நாம் கேட்க நினைப்பது மத்தளத்தைப் பற்றி. ஆட்டத்துக்குத் தாளம் வேண்டும்; தாளத்துக்கு முழவு வேண்டும்; முழவுக்குத் தோல் வேண்டும். தோலுக்கு?

நந்தன் வேண்டும்!

இதை நாம் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. சேக்கிழாரே சொல்லுகிறார். கொள்ளிடக் கரையிலுள்ள ஆதனூரில், புலையர் வாழும் சேரியிலே பிறந்தவர் நந்தனார். அவர் செய்த திருத்தொண்டு யாது? சிவன் கோயில்களின் பேரிகைகளுக்குப் போர்வைத் தோலும் விசிவாரும் கொடுத்தார். யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுத்தார். பூசைக்குக் கோரோசனை கொடுத்தார். பெரியபுராணத்திலே இருக்கிறது, படித்துப் பார்க்கலாம். (படித்துப் பார்க்கத்தான் வேண்டும். 1943-இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் தீயிலிட வேண்டுமென்று தமிழ்ப் பேராசிரியர்களோடு வாதிட்ட அண்ணா, அவ்வேடுகளைக் கரைத்துக் குடித்துவிட்டே மேடையேறினார். அவர் வழி வந்தோம் என்று சொல்லிக்கொண்டு, ஏட்டைப் புரட்டாமலே ஏசுகிற இளைஞர் சிலரை நாம் கண்டு வருந்துவதுண்டு.)

ஆக, மாட்டின் தோல் கோயிலுக்குள் போயிற்று. நரம்பு போயிற்று. மாட்டின் வயிற்றிலிருந்து எடுத்த கோரோசனை, பூசைப் பொருளாகித் தெய்வத்தின் அருகுக்கே போயிற்று. உரித்து, ஊறவைத்து, பதப்படுத்தி, விறைக்க இழுத்துக் கட்டிய கை மட்டும் மதிலுக்கு வெளியே நின்றது! தீட்டு, தோலுக்கு இல்லையாம். தொட்ட கைக்கு உண்டாம்! இப்படியொரு விஞ்ஞானத்தை உலகில் வேறெந்த ஆய்வுக்கூடமும் கண்டுபிடித்ததில்லை.

முடிவில் என்ன நடந்தது? தென்மதிற்புறத்திலே தில்லை வேதியர் தீ வளர்த்தனர், அதில் மூழ்கி எழுந்தவர் பூணூல் மார்பும் சடைமுடியுமாக எழுந்தார், உள்ளே போனார், மறைந்தார். புலையராக நுழைய வழியில்லை, வேதியராக மாறினால் வழியுண்டு, மாறுவதற்கு நெருப்பு வேண்டும் என்பதே கதை. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இதைக் கீர்த்தனைகளாகப் பாடியபோது, சேக்கிழார் சொல்லாத ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து சேர்த்தார்: பண்ணையாராகிய வேதியர். சேர்த்தது தவறு என்று சைவப் புலவர்கள் சினந்தாலும், அதனால் கதைக்கு உண்மை கூடிற்று என்பதே நமது கருத்து. நந்தனைத் தடுத்தது கோயில் மதில் மட்டுமா? நாற்பது வேலி நிலமுங்கூடத்தானே!

அதே சிதம்பரத்தில், 1916-இல், சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். காவி உடுத்தவர், பக்தர், நமது கொள்கைக்கு முற்றும் உடன்படாதவர். ஆயினும் என்ன? நந்தன் பெயரால் தீக்குழிக்குப் பதிலாகக் கரும்பலகையை வைத்தார். அவருடைய காவியை விட அவருடைய கரும்பலகையே நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பழங்கதை, இன்று அதெல்லாம் ஏது என்பார் உண்டு. பழங்கதையா? 2020-ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்றைச் சொல்லுகிறோம். மிருதங்கம் செய்வோரைப் பற்றி இசைக்கலைஞர் டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்றொரு நூலை ஆங்கிலத்தில் எழுதினார். பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோலின்றி அந்தத் திவ்வியமான நாதம் பிறக்காது என்பதையும், அத்தோலைத் தேர்ந்து பதப்படுத்தும் தலைமுறைகளில் தாழ்த்தப்பட்ட வகுப்புக் கிறித்தவர் பலர் என்பதையும் அந்நூல் எடுத்துக்காட்டிற்று. வெளியீட்டு விழாவுக்கு அரங்கம் தருவதாக இசைந்திருந்த கலாக்ஷேத்திரா, பிறகு இல்லையென்றுவிட்டது. விழா வேறிடத்தில் நடந்தது. மேடையிலே மிருதங்கம் இருக்கலாம்; மிருதங்கத்தின் பிறப்பைப் பேசுதல் ஆகாது!

இதுவரை சொன்னது, கோயிலுக்குள்ளும் சபைக்குள்ளும் போன தோலின் கதை. உள்ளே போகாத தோலுக்குப் பறை என்று பெயர்.

பறை எளிய கருவி. வேப்ப மரத்துண்டுகள் மூன்றை வளைவாகச் செதுக்கி, இரும்புத் தகட்டால் இணைத்து வட்டமாக்குவர். அதன் மீது மாட்டுத் தோலை இழுத்து ஒட்டுவர். தோளிலே வாரால் தொங்கவிட்டு, ஒரு கையில் மெலிந்து நீண்ட மூங்கில் சிம்புக் குச்சியும், மறு கையில் பூவரசங்கட்டையில் செதுக்கிய தடித்த அடிக்குச்சியும் கொண்டு முழக்குவர். முழக்குமுன் வைக்கோலைக் கொளுத்தி அனலிலே காட்டுவர். ஈரம் ஏறிய தோல் தொய்ந்து முனகும்; காய்ந்த தோல் கணீரென்று பேசும். ஐப்பசி, கார்த்திகையிலே கடலூர்க் கரையோரக் காற்றில் இதை அடிக்கடி காய்ச்சாமல் அடிக்கவே முடியாது. நெருப்பிலே காட்டினால்தான் குரல் வரும் கருவி! நந்தன் கதையை நினைத்துக்கொண்டு இதைப் பார்ப்பவர்க்கு நெஞ்சு சற்றுக் கனக்கும்.

பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தார் இன்றும் அவ்வாறே வழங்குகின்றனர். தொல்காப்பியர் நிலந்தோறும் உள்ள கருப்பொருளை எண்ணும்போது, தெய்வத்தோடும் உணவோடும் மரத்தோடும் சேர்த்துப் பறையையும் எண்ணினார். குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி எனப் பெயர் சொல்லி வழங்குவது தமிழ் மரபு. அறுவடைக்கும் பறை, மீன் வேட்டைக்கும் பறை, ஏறு தழுவுதற்கும் பறை. சாவுக்கு மட்டுமே உரியது பறை என்று அன்று எவரும் விதிக்கவில்லை.

அந்தப் பறை எப்போது இழிந்தது? மரம் மாறவில்லை, தோலும் மாறவில்லை. 'நீ அடித்தே தீரவேண்டும், உன் மகனும் அடித்தே தீரவேண்டும்' என்று ஊர் விதித்ததே, அன்று இழிந்தது. எவன் வீட்டில் சாவு விழுந்தாலும் ஓடிவர வேண்டும். தெருவோரத்திலே நிற்க வேண்டும். படி நெல்லுக்கும் பழந்துணிக்கும் சாராயத்துக்கும் விடிய விடிய அடிக்க வேண்டும். காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலே படுத்துக்கொள்ள உரிமை கிடையாது. பின்னர் வெள்ளைக்காரன் வந்தான். பறையடித்த மக்களின் பெயரையே எடுத்துப் போய், 'ஒதுக்கித் தள்ளப்பட்டவன்' என்ற பொருளில் தன் அகராதியிலே பதித்துக்கொண்டான். தமிழ் உலகுக்கு ஈந்த சொற்களிலே கட்டுமரமும் உண்டு, மிளகுத்தண்ணீரும் உண்டு, இதுவும் உண்டு!

கடல்கடந்த நாடொன்றின் நிகழ்ச்சி இங்கே நினைவுக்கு வருகிறது. 1739-இல், அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றங்கரையிலே கறுப்பின அடிமைகள் முரசு கொட்டிக் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்டது, மறு ஆண்டே சட்டம் வந்தது, அடிமைகள் முரசு கொட்டலாகாது என்று! அங்கே ஆண்டை, 'கொட்டாதே!' என்றான். இங்கே ஆண்டை, 'கொட்டு!' என்றான். அங்கே கொட்டியவன் விடுதலை வேட்கையைக் காட்டினான். இங்கே, கொட்ட மறுத்தவன்!

மறுத்தும் காட்டினார்கள், நமது மாவட்டத்திலேயே. காட்டுமன்னார்கோயில் வட்டாரத்திலே எல். இளையபெருமாள் (1924–2005) பறையடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று தம் மக்களைத் திரட்டினார். கடும் எதிர்ப்புக்கிடையே திரட்டினார். 1952-இல் கடலூரிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். தீண்டாமை பற்றி ஆராய 1965-இல் இந்திய அரசு அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். 1969-இல் அறிக்கை தந்தார். பரம்பரை அர்ச்சகர் முறை ஒழிய வேண்டும் என்ற அக்குழுவின் கருத்தையும் சான்றாகக் கொண்டுதான் 1970-இல் கலைஞர் அரசு அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராவதற்குச் சட்டம் செய்தது. வழக்குகள், தடைகள், தாமதங்கள் எல்லாம் கடந்து, பயிற்சி பெற்ற அனைத்துச் சாதி அர்ச்சகர்களுக்கு 2021 ஆகஸ்டில் அரசு பணி ஆணை வழங்கிற்று. பறையைக் கீழே வைக்கச் சொன்ன அதே மனிதர்தாம் கருவறைக் கதவைத் திறக்கவும் சொன்னார். இரண்டும் ஒரே வேலை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி, நமது பள்ளியிலே நடந்ததைச் சொல்ல வேண்டும். பள்ளியின் பெயர் வேண்டாம். எந்தப் பள்ளியிலும் நடக்கக்கூடியதே. பள்ளிக்கல்வித் துறை 2022 முதல் கலைத் திருவிழா நடத்துகிறதல்லவா? அதற்குப்பின் பள்ளிகளுக்கு நாட்டுப்புறக் கலைகள் மீது காதல் பிறந்திருக்கிறது. நல்ல காதலே! ஆண்டு விழாவுக்குக் கரகம் உண்டு, ஒயிலாட்டம் உண்டு, பறையாட்டமும் இருக்கட்டும் என்று ஆசிரியர் அறையிலே முடிவாயிற்று. யார் ஆடுவது? ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனை எல்லோரும் ஒருமிக்கச் சொன்னார்கள். அவனுடைய தந்தை சாவு வீடுகளுக்குப் பறையடிக்கச் செல்பவர். அது ஊரறிந்த செய்தி.

"இவனுக்கு இரத்தத்திலேயே இருக்குமே!" என்றார் ஓர் ஆசிரியர். ஏளனமாகச் சொல்லவில்லை, பாராட்டாகவே சொன்னார். அதுதான் நம்மைச் சுட்டது. இரத்தத்திலே சிவப்பணு இருக்கிறது, வெள்ளணு இருக்கிறது. அறிவியல் பாடத்திலே நாமே படம் போட்டு நடத்துகிறோம். தாளம் எந்த அணுவிலே இருக்கிறதென்று அதில் எழுதவில்லையே!

பையனைக் கேட்டோம். தரையைப் பார்த்தபடியே நின்றான்.

"வேண்டாம் சார். நான் கீபோர்டு வாசிக்கிறேன்."

"உனக்குப் பறை அடிக்க வருமா?"

"வரும் சார். அப்பாவுக்குத் தெரியாமல் கற்றுக்கொண்டேன். அவர் என்னைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்."

தொடக்கூடாது! தந்தை விதித்த இந்தத் தீண்டாமையை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! தம் கையிலே காய்ப்பேறிய கருவியை மகன் கை தொடக்கூடாதென்று ஒருவர் கட்டளையிடுகிறார் என்றால், அந்தக் கருவியோடு சேர்த்து எதையெல்லாம் அவர் சுமந்திருப்பார்! அதே வகுப்பிலே, பண்ருட்டிப் பக்கம் முந்திரி வாணிபம் செய்பவர் மகன் ஒருவன், கைப்பேசியிலே பார்த்துப் பறையடி பழகியிருக்கிறான். தன்னைச் சேர்க்கும்படி நாள்தோறும் நம்மை நச்சரித்து வந்தான். அவனுக்குப் பறை புதுமை, வீரம், தமிழர் அடையாளம். இவனுக்கோ, அது அப்பா நின்றுகொண்டிருந்த தெருமுனை. ஒரே தோல்தான், இரண்டு பிள்ளைகளின் காதுக்கும் ஒரே ஓசையாகக் கேட்கவில்லை.

முந்திரி வணிகர் மகன் பறையடிக்கட்டும், இவன் கீபோர்டு வாசிக்கட்டும் என்றோம். "இவர்களே விட்டுவிட்டால் கலை அழிந்துவிடாதா?" என்று கவலைப்பட்டார் முன்னே சொன்ன ஆசிரியர். கவலை மெய்யானது, நாம் மறுக்கவில்லை. ஆனால் அழிந்துவிடும் என்று அஞ்சுகிறவர், தம் வீட்டுப் பிள்ளையைக் கற்றுக்கொள்ள அனுப்பலாமே! தம் பிள்ளைக்குக் கணிப்பொறி, அவன் பிள்ளைக்குப் பண்பாட்டுக் காவல் என்று பங்கு பிரிப்பது பழைய ஊர்க்கட்டுப்பாடுதான். இம்முறை கலைப் பற்று என்ற போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்திருக்கிறது. ஆசிரியர் சிரித்தார். அவர் நல்லவர், சிந்திப்பார்.

கலையை மட்டும் எடுத்துக்கொண்டு கலைஞரை விட்டுவிடும் வித்தையும் இந்நாட்டுக்குத் தெரியும். சதிரை எண்ணிப் பாருங்கள். பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழிக்க மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டியும் பட்ட பாடு பெரிது. 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டமே வந்தது. அந்தச் சட்டத்துக்காக நாம் என்றும் தலைநிமிர்வோம். ஆனால் 1930-களில் சதிருக்குப் பரதநாட்டியம் என்று புதுப்பெயர் சூட்டி மேடையேற்றியவர்கள் யார்? தலைமுறை தலைமுறையாக அதைக் காத்த பெண்கள் எத்தனைபேர் அம்மேடையிலே இடம் பெற்றார்கள்? மீட்டோம், தூய்மை செய்தோம் என்று பின்னர் பெருமை பேசியோரிலே, எவரிடமிருந்து கற்றோம் என்று நன்றியோடு சொன்னவர் குறைவு. பறைக்கு இன்று மேடை வந்துவிட்டது. கல்லூரி விழா, கட்சி மாநாடு, திருமண வரவேற்பு, கடல்கடந்த தமிழர் பொங்கல் விழா, எங்கும் முழங்குகிறது. 2025-இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது கேட்டு அகமகிழ்ந்தோம். அந்த விருது தில்லியிலிருந்து புறப்பட்டுச் சாவு வீட்டுத் தெருமுனைக்கு வந்து சேரவேண்டுமே என்பதுதான் நமது கவலை.

தெருக்கூத்தைப் பற்றியும் ஒரு சொல். பகுத்தறிவாளர் பலர், புராணக் குப்பை என்று அதைத் தள்ளிவிடுகின்றனர். கதை புராணந்தான். பாரதம் படிப்பதும், மண்ணால் துரியோதனனைப் படுக்க வைத்துப் படுகளம் நடத்துவதும், தீ மிதிப்பதும் பழைய தென்னார்க்காட்டின் திரௌபதி அம்மன் கோயில்களிலே ஆண்டுதோறும் காணலாம். ஆனால் கட்டியங்காரனை மறந்துவிடுகிறார்களே! புஜக்கட்டையும் கிரீடமும் மின்ன மன்னன் வந்து நிற்பான். கட்டியங்காரன் அவனிடமே, 'நீர் யார், எந்த ஊர், எதற்கு வந்தீர்?' என்று குறுக்குக் கேள்வி போடுவான். ஊர்ப் பெரியவரையும் சாடுவான். உள்ளூர் ஊழலையும் இழுப்பான். விளக்கொளியிலே ஊரே சிரிக்கும். 'சிவாஜி கண்ட இந்து ராஜ்ய'த்திலே அண்ணா கேட்ட கேள்விகளுக்கும், 1954-இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையே கொண்டுவரச் செய்த எம்.ஆர். ராதாவின் கிண்டலுக்கும் இந்தக் கட்டியங்காரன் பாட்டன் முறை என்று நாம் கருதுகிறோம்.

அந்தத் திரௌபதியின் கோயில் ஒன்றிலேதான், விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியிலே, தாழ்த்தப்பட்டோர் நுழையக்கூடாதென்று தகராறு எழுந்து, 2023 ஜூன் திங்களில் கோயிலுக்கே பூட்டுப் போட்டு முத்திரை வைக்கும்படி ஆயிற்று. கடலூரும் விழுப்புரமும் 1993 வரை ஒரே மாவட்டம். வேற்று நாட்டுச் செய்தி என்று நாம் தள்ளிவிட இயலாது. துகிலுரியப்பட்ட ஒரு பெண்ணின் மானத்துக்காக இரவெல்லாம் விழித்துக் கண்ணீர் விடும் இந்த மண், தன் ஊர்ப் பெண்ணைக் கோயில் வாசலிலே நிறுத்தி வைக்கிறது! நீதிமன்றம் பேசி, காவலர் துணை நிற்க, 2025 ஏப்ரலிலே அம்மக்கள் உள்ளே சென்றனர். அங்கு ஒரு கட்டியங்காரன் இருந்திருந்தால், ஊரைப் பார்த்து என்ன கேட்டிருப்பான்!

பறையாட்டம் கற்பிக்க யாரை அழைப்பது என்ற கேள்வி பள்ளியிலே இன்னும் இருந்தது. கைப்பேசி போதும் என்றனர் சிலர். கடலூர் முதுநகர்ப் பக்கம் பயிற்சி தரும் முதியவர் ஒருவரைத் தேடிப் போனோம். சாவுக்கு அடிப்பதை அவர் விட்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன. எந்த வீட்டுப் பிள்ளை வந்தாலும் கற்றுத் தருகிறார். வாரத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிறார். நாற்காலியில் அமரச் சொன்னார், தேநீர் வந்தது. வந்த காரணத்தைச் சொன்னோம்.

"வருகிறேன் வாத்தியாரே. கட்டணத்தை முன்னால் கொடுத்துவிடுங்கள், பேரம் வேண்டாம். அப்புறம், அழைப்பிதழ் அடிப்பீர்களே, அதிலே என் பெயர் வரவேண்டும்."

"கட்டாயம் வரும், ஐயா."

"கடைசியிலே, சின்ன எழுத்திலே வேண்டாம். உங்கள் தலைமை விருந்தினர் பெயர் எந்த அளவு எழுத்தோ, அந்த அளவு. பெயருக்குப் பின்னால் 'பறை ஆசிரியர்' என்று போடுங்கள். வேறு பட்டம் வேண்டாம்."

தலைமையாசிரியரிடம் சொன்னோம். முதலில் புருவம் உயர்ந்தது. விருந்தினர் ஏதாகிலும் நினைத்துக்கொள்வாரோ என்றார். நினைத்துக்கொள்ளட்டும் என்றோம். இரண்டு நாள் கழித்து இசைந்தார். அழைப்பிதழ் இப்போது அச்சகத்தில் இருக்கிறது. இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருப்பதை மெய்ப்புத் தாளிலே நாமே அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டோம். விழா தை மாதத்து மாலையில். பனி இறங்குமாம், மேடைக்குப் பின்னால் காய்ந்த வைக்கோல் ஒரு கட்டு இருக்கட்டும் என்று பறை ஆசிரியர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.